தகரம் யாருக்கு?

நாணயத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் மோடி, இராசேந்திர சோழனுக்கு நினைவு நாணயம் வெளியிட்டார். கடாரத்தின் மேல் படை போய் ஆயிரம் ஆண்டு ஆயிற்றாம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் ஆயிரம் ரூபாய் நாணயம் அடித்தார்கள். அதைக் கொண்டுபோய் எந்தக் கடையிலும் உப்பு, புளி வாங்க முடியாது. சேகரிப்பவர் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் அரசனின் பெருமை மட்டும் நன்றாகப் புழங்கும்.

கப்பலுக்கு மரம் அறுத்தவன் யாரு, கடலில் செத்தவன் யாரு என்று நாணயம் சொல்லாது. கல்வெட்டு கொஞ்சம் சொல்கிறது. இராசேந்திரனின் தகப்பன் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கில், வரி நீக்கிய நிலங்களாகக் குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. கடல் தாண்டிய பேரரசு, சேரியை ஊருக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் கடல் தாண்டியது.

வெள்ளைக்காரன் மட்டும் சமமாக நடத்தினானா? 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது. கம்பெனி பதக்கம் அடித்துக் கொடுத்தது. ஒரு பக்கம் புலியை அடித்து வீழ்த்தும் சிங்கம்; மறுபக்கம் கோட்டைத் தாக்குதல். படம் எல்லாருக்கும் ஒன்றுதான். உலோகம்தான் வேறே. தளபதிக்குத் தங்கம், அதற்குக் கீழே வெள்ளி, வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்கு வாய்த்தது தகரம். பிறகு 'போர்க்குணமுள்ள இனம்' என்று ஒரு கதை கட்டி, நம்மவரைப் படையிலிருந்தே ஒதுக்கினான்.

இங்கே சிவகங்கைச் சீமையில் வேலு நாச்சியாருக்கு 2008-இல் தபால்தலை வந்தது. குயிலிக்கும் நாணயம் வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் அரசிக்காக உயிர்விட்ட விசுவாசி என்று மட்டும் அவளை அச்சில் வார்த்தால், அதுவும் தகரப் பதக்கம்தான்.

கோரேகான் தூணைப் பாருங்கள். 1818 சனவரி 1 சண்டையில் செத்த மகர் சிப்பாய்களின் பெயர்கள் அதிலே இருக்கின்றன. அதுவும் கம்பெனி தன் வெற்றிக்கு நட்ட கல்தான். 1927-இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது, அந்தப் பெயர்களால்தான் அது நம் தூணாயிற்று. நமக்கு வேண்டியது அரசன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகமா? செத்தவர்களின் பெயர் வேண்டும். காளையார்கோயில் சுற்றுவட்டாரச் சேரிகளில் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, நாணயத்துக்கு மனு எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் போய்க் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.