வேவுப்படங்களின் இரண்டாம் பாகம்: மறைபொருளும் பேச்சுநடையும்

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. மொழிபெயர்ப்பைத் தனியொரு கலையாகக் கொள்ளாமல், முன்னுள்ள ஒன்றை அடியொற்றி எழும் ஆக்கங்களோடு ஒரே வரிசையில் வைத்த இப்பாகுபாடு, இக்காலத் திரைப்படங்களின் இரண்டாம் பாகங்களை ஆராய்வதற்கும் பொருந்துகிறது. நன்னூலார் கருத்துப்படி வழிநூல், முன்னோர் கண்ட முடிபோடு ஒத்துச் செல்லவும் வேண்டும். பின்னே வருபவன் விரும்பும் வேறுபாட்டைக் கொண்டிருக்கவும் வேண்டும். அவர் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும், தோல்வியுற்ற இரண்டாம் பாகங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வகுத்தவை போலவே உள்ளன.

எல்லா வகைப் படங்களின் தொடர்ச்சிக்கும் உரிய இந்த இடர்ப்பாடு, ஒற்றர்களைப் பற்றிய சண்டைப் படங்களில் இருமடங்காகிறது. ஒற்றனுக்குத் திருக்குறள் வகுக்கும் தகுதிகள் ஐயத்துக்கு இடந்தராத உருவம், அஞ்சாத பார்வை, அறிந்ததை எந்நிலையிலும் வெளியிடாமை என்பன. முதற்பாகத்தின் இறுதியில் அந்த உருவம் கலைந்துவிடுகிறது. பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்துவிட்ட பின்னரே இரண்டாம் பாகம் தொடங்கியாக வேண்டும். வாக்கியத்தில் அறிந்த செய்தி முன்னும் புதுச்செய்தி பின்னும் வரும் என்று பிராக் மொழியியலார் விளக்குவர். முதற்பாகத்தில் புதுச்செய்தியாக இருந்த நாயகனின் உண்மையான அடையாளம், இரண்டாம் பாகத்தில் அறிந்த செய்தியாக இடம்மாறுகிறது. அவ்விடத்தை நிரப்பப் புதியதொரு மறைபொருள் தேவை. வெடிகுண்டின் எடையைக் கூட்டுவதோ, சண்டை நிகழும் நாட்டை மாற்றுவதோ அதற்கு ஈடாவதில்லை. மேலும், அந்த மறைபொருள் முகமூடியிலும் ஒப்பனையிலும் தங்குவதைவிடப் பேச்சில்தான் மிகுதியாகத் தங்குகிறது. விமரிசகர்கள் பொருட்செலவையும் சண்டைக்காட்சிகளையும் எடைபோடும் அளவுக்கு இக்கூறைக் கவனிப்பதில்லை.

மறைபொருள் பேச்சில் தங்கும் என்பதை மெய்ப்பிக்கப் பலமொழிச் செவிகள் உள்ள ஊர் ஒன்றை எண்ணிப்பார்ப்பது நலம். கொச்சியின் மட்டாஞ்சேரி அத்தகைய ஊர். மலையாளத்தோடு கௌட சாரஸ்வதரின் கொங்கணியும், வணிகக் குடும்பங்களின் குஜராத்தியும், மேமன்களின் கச்சியும், தக்கணி உருதுவும், தமிழும் சில தெருக்களின் இடைவெளிக்குள் அங்கே வழங்குகின்றன. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் சலவைத்துறை உள்ளது. யூதர் தெருவில் ஒருகாலத்தில் தனித்தன்மையுள்ள யூத மலையாளம் வழங்கியது. 1950களில் நிகழ்ந்த பெருங்குடிபெயர்வுக்குப் பின் அதனைப் பேசுவோர் அருகினர். இத்தகைய ஊரில் ஒருவர் வாய்திறந்ததும் அவர் எத்தெருவினர் என்பதைக் கேட்போர் பெரும்பாலும் ஊகித்துவிடுவர். அங்கே வேறொருவராக வாழ விரும்புபவர் உடையை மாற்றினால் போதாது.

கேரளத்தில் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் மொழிமாற்றமின்றியே திரையிடப்படுகின்றன. 'விஸ்வரூபம்' 2013 சனவரி 25இல் கேரளத்தில் வெளிவந்தபோது தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருந்தது. அங்கு அப்படம் பிப்ரவரி 7இல்தான் திரைக்கு வந்தது. ஆகவே அப்படத்தை முதலில் கேட்ட செவிகளுள் மலையாளச் செவிகளும் அடங்கும். படத்தின் முற்பகுதியில் கமல்ஹாசன் நியூயார்க்கில் கதக் ஆடல் பயிற்றுவிக்கும் விசுவநாதனாக வருகிறார். பேச்சு பிராமணத் தமிழ், குரல் மென்மையானது, வாக்கிய இறுதிகள் இழுத்து ஒலிக்கப்படுகின்றன. மனைவி நிருபமாவும் அதே கிளைமொழியினள். கணவனிடம் ஏதேனும் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்துகிறாள்; அங்கிருந்தே கதை திரும்புகிறது. கட்டப்பட்டிருக்கும் விசுவநாதன் வழிபட அனுமதி கேட்கிறான். கட்டு அவிழ்ந்த சில நொடிகளில் எதிரிகள் வீழ்கின்றனர். பின்னர் அதே சண்டை மெதுவான ஓட்டத்தில் மீண்டும் காட்டப்படுகிறது. இதுவும் ஒருவகையில் கூறியது கூறலே. ஆயினும் அது குற்றமாகவில்லை. முதல்முறை வேகத்தில் தவறவிட்டதைக் கண் இரண்டாம்முறை தேடுகிறது. செவியோ அதுவரை கேட்ட அத்தனை வாக்கியங்களையும் நினைவில் திருப்பிப் பார்க்கிறது. வாங்கோ, போங்கோ என ஓகாரத்தில் முடிந்த அந்தப் பேச்சு முழுவதும் வேடம் என்பது அப்போது புலனாகிறது.

இப்படத்தின் மொழியமைப்பு வேறோர் இடத்திலும் கருதத்தக்கது. ஆப்கானியத் தலைவன் ஒமர் தமிழில் பேசுவதற்குக் காரணம் காட்டப்படுகிறது: அவன் தமிழகத்தில் சிலகாலம் தங்கியிருந்தவன். அயல்நாட்டு எதிரி திடீரெனச் செந்தமிழ் பேசுவதை எக்காரணமும் கூறாமல் ஏற்கச் செய்துவந்த நெடுமரபுக்கு இது மாறானது. காரணம் வலுவானதா என்பது வேறு வினா. மொழியைப் பற்றிக் கேள்வி எழும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட திரைக்கதை இது என்பதே இங்கு முக்கியம்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2018 ஆகத்து 10இல் 'விஸ்வரூபம் 2' வந்தது. பெயர்கள் அவையே, நடிகர்களும் பெரும்பாலும் அவர்களே. கதை முதற்பாகத்துக்கு முன்னும் பின்னும் சென்று மீள்கிறது. இங்கே விசாம் அகமது காஷ்மீரி தொடக்கம் முதலே விசாம்தான். விசுவநாதனின் பேச்சு இல்லை; அதனை ஈடுசெய்யும் வேறு பேச்சும் இல்லை. அவன் யாரிடமும் எதையும் மறைத்துப் பேச வேண்டிய தேவை ஏறத்தாழ மறைந்துவிட்டது. நிருபமாவும், முன்பு அவள் பேச்சில் இருந்த ஐயமும் எரிச்சலும் நீங்கி, உடன்படும் மனைவியாகச் சுருங்கிவிடுகிறாள். முன்கதைக் காட்சிகள் பலவும் பார்வையாளர் முன்பே ஊகித்தவற்றை உறுதிசெய்கின்றன. ஊகித்ததை உறுதிசெய்வது ஆவணத்தின் பணி. படம் ஏமாற்றம் தந்ததற்குக் காலத்தாழ்வையும் திரைக்கதைச் சிதறலையும் காரணமாகச் சொல்வது வழக்கம், அவை உண்மையே. ஆனால் அவற்றுக்கும் அடியில் இருப்பது, மறைக்க ஒன்றுமில்லாத நாயகனின் பேச்சு தட்டையாகிவிட்டது என்பதே.

அப்படத்திலும் ஒரு பகுதி தனித்து நிற்கிறது. வகீதா ரகுமான் நடிக்கும் தாய் மறதிநோயால் தாக்குண்டவர். எதிரில் நிற்கும் மகனையே அவர் அடையாளம் காண்பதில்லை. தன்னை யாரும் அறியாவண்ணம் வாழக் கற்ற ஒருவன், தன்னை அறிந்துகொள்ள வேண்டியவரிடம் அறியப்படாமல் நிற்கிறான். இங்கே அவன் வேடமிடவில்லை, உண்மையையே பேசுகிறான், அது எடுபடவில்லை. முதற்பாகத்தின் மறைபொருள் தலைகீழாகித் திரும்பிய இடம் இது. இரண்டாம் பாகத்துக்குத் தேவைப்பட்ட வேறுபாடு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதை விட்டுவிட்டு மூழ்கிய கப்பலின் வெடிபொருளைத் தேடிச் சென்றதைத்தான் நன்னூலார் மற்றொன்று விரித்தல் என்றிருப்பார்.

'விக்ரம்' படங்களின் உறவு இதனினும் தளர்வானது. 1986இல் சுஜாதாவின் எழுத்தில் ராஜசேகர் இயக்கிய படத்தில், களவுபோன ஏவுகணையைத் தேடி நாயகன் சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குச் செல்கிறான். அந்நாட்டுக்கென ஒரு மொழியே புனையப்பட்டது. இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ் நடித்தார். மொழிபெயர்ப்பாளர்கள் இதனை ஊன்றி நோக்கலாம்: மூலமொழி எங்கும் இல்லாதபோது பெயர்ப்பைச் சரிபார்க்க எவராலும் இயலாது, அவர் சொன்னதே மூலம். நகைச்சுவை அந்த உரிமையிலிருந்துதான் பிறக்கிறது. 2022இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' அந்தப் புனைமொழியைத் தொடவில்லை. அதே பெயரும் அதே நடிகரும் 1986 என்னும் ஆண்டும் மட்டுமே பாலம். நேரடித் தொடர்ச்சி அல்லாத அப்படமே தொடர்ச்சி என்னும் பணியைச் சிறப்பாக நிறைவேற்றியது என்பது முரண்போலத் தோன்றலாம்.

அதன் முற்பாதியில் நாயகன் ஏறத்தாழ இல்லை. கர்ணன் என்பவன் கொல்லப்பட்டதாகக் காட்டப்படுகிறது. ஃபகத் ஃபாசில் ஏற்ற அமர் என்னும் புலனாய்வாளன் கர்ணனை அறிந்தோரை விசாரிக்கிறான். குடிகாரன், போதைக்கு அடிமை, ஒழுக்கம் கெட்டவன், பேரக்குழந்தையிடம் பாசமுள்ளவன் என ஆளுக்கொரு கூற்று. இலக்கண வழக்கில் சொல்வதாயின், நாயகன் முழுவதும் 'என்று' என்னும் இடைச்சொல்லால் ஆக்கப்படுகிறான். பிறர் கூற்றுகளின் தொகையாகவே அவன் நிற்கிறான். கமல்ஹாசனின் முகத்தை அறியாத பார்வையாளர் இல்லை. 1986இன் விக்ரமை நினைவில் கொண்டவரும் உளர். இருந்தும் இந்த அயற்கூற்றுகளின் அடுக்கு அவர்களை மீண்டும் அறியாதவர்களாக்குகிறது. இடைவேளையில் அவன் தன் குரலில் பேசத் தொடங்கும்போது அறிந்த செய்தி புதுச்செய்தியாகிவிடுகிறது. வீட்டுப் பணிப்பெண்ணாகக் குறைவாகவே பேசிவந்தவள் பின்னர் டீனா என்னும் ஒற்றர் என வெளிப்படும் காட்சி திரையரங்குகளில் பெற்ற ஆரவாரமும் இதே காரணத்தால் எழுந்ததே. அங்கே மௌனமே கிளைமொழி. பிற்பாதியில் துப்பாக்கிகள் பேசத் தொடங்கியபின் இந்த நுட்பம் குறைகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். முற்பாதி சேர்த்து வைத்த செல்வத்தைக் கொண்டே பிற்பாதி செலவழிக்கிறது.

மலையாளத்தில் சீனிவாசன் எழுதிய தாசன்–விஜயன் படங்கள் இவ்வகையின் நகையுருவம். 'நாடோடிக்காற்று' (1987) படத்தில், துபாய்க்கு வந்துவிட்டதாக நம்பி அராபிய உடையில் உலவும் இருவருக்கும், தாம் நிற்பது சென்னை என்பதைத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளே உணர்த்துகின்றன. அந்த உடையைக் கண்டு கடத்தல்காரர்கள் அவர்களைத் துப்பறிவோர் என்று தவறாகக் கொள்கின்றனர். 'பட்டணப்பிரவேசம்' (1988) இருவரையும் உண்மையாகவே துப்பறிவோர் ஆக்கியது. பதவி மாறியும் அறியாமை மாறவில்லை. ஆதலால் நகை தொடர்ந்தது. 'அக்கரே அக்கரே அக்கரே' (1990) அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஒற்றனின் அறிவு ஒருமுறை வெளிப்பட்டால் செலவழிந்துவிடுகிறது. அறியாமையோ எத்தனை பாகங்களுக்கும் வற்றுவதில்லை. முதற்படத்தின் அந்தப் பலகைக் காட்சியைத் தமிழாக்குபவர் சொற்களை மட்டும் மாற்றி உய்ய இயலாது. அவர் வேறொரு கடற்கரை நகரத்தையும் வேறோர் எழுத்தையும் தேட வேண்டும்.

இங்கு மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு கூர்மையாகிறது. 'விஸ்வரூபம்' முற்பகுதியின் பிராமணத் தமிழை இந்தியில் எவ்வாறு பெயர்ப்பது? வடமொழி மிகுந்த பண்டித இந்தி வீட்டுப்பேச்சின் நெருக்கத்தை இழந்து சடங்கின் மணத்தைத் தரும். மலையாளத்தில் பட்டர் பேச்சு என்னும் ஆயத்தமான இணை உண்டு, ஆனால் மலையாளத் திரையில் அது நெடுங்காலமாக நகைச்சுவைக்கே பயன்பட்டு வந்திருப்பதால், கேட்பவர் சிரிக்கத் தொடங்கிவிடுவர், ஐயம் எழாது. ஆங்கில வசன வரிகளில் இருவகைப் பேச்சும் ஒரே தட்டையான நடையாகிவிடும் இடர் பெரிது. அந்நிலையில் விசுவநாதனும் விசாமும் ஒரே ஆளாகவே தொடக்கம் முதல் படிக்கப்படுவர். சண்டை மட்டுமே எஞ்சும். கிளைமொழியை முழுவதும் பெயர்க்க முடியாவிடினும், மாறும் இடத்தையேனும் பெயர்த்தாக வேண்டும். மனைவியை விளிக்கும் முறை, வாக்கியங்களின் நீளம், மரியாதை வடிவம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் திருப்பத்துக்கு முன் ஒருநடையும் பின் வேறுநடையும் பேணினால், பெறுமொழியின் செவியும் அந்த நொடியில் பின்னோக்கிக் கேட்கும். பல மொழிகளில் ஒரேநாளில் வெளியிடும் வழக்கம் வந்தபின் இதற்குத் தரப்படும் காலம் குறுகிவிட்டது. மொழிமாற்றத்துக்கு எளிதாக இருக்கட்டும் என மூலத்திலேயே வட்டார வழக்கைத் தேய்த்துவிடும் உரையாடல்களும் மிகுந்து வருகின்றன.

மட்டாஞ்சேரிக்கும் இவ்வகையில் ஒரு காத்திருப்பு உண்டு. அமல் நீரத் இயக்கி 2007இல் வெளிவந்த 'பிக் பி' ஒற்றர் கதையன்று. ஆயினும் குறைவாகப் பேசி மிகுதியாக மறைக்கும் நாயகனைக் கொண்டது. 2005ஆம் ஆண்டின் 'ஃபோர் பிரதர்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தைத் தழுவியது எனினும், மம்முட்டி ஏற்ற பாத்திரத்தின் பெயரான பிலால் ஜான் குரிசிங்கல் அந்த ஊரின் கலப்பு முழுவதையும் மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறது. கொச்சி மாறியிருக்கலாம், தான் மாறவில்லை என்னும் கருத்தில் அவன் சொல்லும் வசனம் பழமொழி போலவே வழங்கலாயிற்று. 'பிலால்' என்னும் தொடர்ச்சி 2017இல் அறிவிக்கப்பட்டது. மாறாதவன் என்று தானே அறிவித்துவிட்ட நாயகனிடம் புதுச்செய்தி தேடிப் பயனில்லை. அது ஊரிடம்தான் கிடைக்கும். வளர்ப்புத்தாய் ஒருத்தியின் வீட்டில் பிலாலோடு வளர்ந்த எடி, முருகன், பிஜோ என்னும் மற்ற மூவரில், முருகன் என்னும் பெயருக்குப் பின்னால் எந்தத் தெருவின் எந்த மொழி உள்ளது என்பது முதற்படம் தொடாமல் விட்ட வினா.