வேப்பூருக்கு வரும் டிஜிட்டல் டாலர்

வெளிநாட்டுப் பணம் வேப்பூர்ப் பக்கம் வந்துசேர வங்கி, மணி டிரான்ஸ்பர் கடை, ஹவாலா எனப்படும் உண்டியல் என மூன்று வழிகள் உண்டு. நான்காவதாக 'யூஎஸ்டிடி' என்னும் டெதர் கிரிப்டோ நாணயத்தைத் தரகர்கள் முன்வைக்கிறார்கள். துபாயில் இருக்கும் மகன் அதை நள்ளிரவில் அனுப்பினாலும் சில நிமிடங்களில் வந்துவிடும், கட்டணமும் குறைவு. இந்தப் பெருமை பொய்யல்ல.

2014-இல் வந்த இந்த நாணயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் மதிப்புள்ள சொத்து, பெரும்பாலும் அமெரிக்க அரசுக் கடன்பத்திரமாக, கையிருப்பில் இருப்பதாக டெதர் நிறுவனம் சொல்கிறது. ஆனால் 2016 முதல் 2018 வரை 26 மாதங்களில் 27.6 சதவீத நாட்களில்தான் முழுக் கையிருப்பு இருந்தது என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் கண்டறிந்து, 2021-இல் 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது. போட்டி நாணயமான யூஎஸ்டிசியும் தப்பவில்லை. அதன் கையிருப்பில் 330 கோடி டாலர் திவாலான சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொள்ள, 2023 மார்ச்சில் விலை 88 சென்டுக்கும் கீழே போய், சில நாட்களில் மீண்டது. டாலர் கையிருப்பே இல்லாமல் கணக்குச் சூத்திரத்தை நம்பிய டெரா என்ற நாணயம் 2022 மேயில் மண்ணாய்ப் போனது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. டெதரை நிறுவனத்திடம் நேரடியாகக் கொடுத்து டாலர் வாங்கக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் வேண்டும். வேப்பூர்க்காரருக்கு அந்த வாசல் மூடியே இருக்கிறது; அவர் முகம் தெரியாத இன்னொருவரிடம்தான் விற்றாக வேண்டும்.

உண்மையான சிக்கல் அங்கேதான். டாலருக்கு வங்கி விலையைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடுதல் என்று ஆசை காட்டுவார்கள். யாரோ ஒருவர் கணக்கிலிருந்து பணம் வந்துவிழும். அது இணையமோசடியில் பறிகொடுத்த பணமாக இருந்தால், ஏமாந்தவர் இணையமோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்ததும் அந்தப் பணம் போன கணக்குகள் வரிசையாக முடங்கும். வேப்பூர்க்காரர் கணக்கும் அதில் சேரும்; நகைக்கடன் தவணை, நூறுநாள் வேலைக் கூலி எல்லாம் அந்தக் கணக்கில்தான். விடுவிக்க வெளிமாநிலக் காவல் நிலையத்தோடு கடிதம் எழுதி மல்லுக்கட்ட வேண்டும். உண்டியல்காரராவது ஊருக்குத் தெரிந்த ஆள்.

ஐரோப்பா 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளாலும், அமெரிக்கா 2025 ஜூலையில் போட்ட 'ஜீனியஸ்' சட்டத்தாலும் கையிருப்புக்கு விதி வகுத்தன. நம் நாட்டில் வரி வந்தது, பாதுகாப்பு வரவில்லை. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்பனைக்கு 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தம். ஐம்பதாயிரத்துக்கு ஐந்நூறு போய்விடும். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத குடும்பத்துக்கு அது திரும்பாது. மிச்சமானதாகச் சொன்ன கட்டணத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. கிரிப்டோவும் ஒருவகைச் சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது ஓர் ஆறுதல். ஆனால் வழக்குப் போட வசதியுள்ளவருக்குத்தான் அந்த ஆறுதல்.

ரிசர்வ் வங்கி இந்த நாணயங்களை விரும்பவில்லை. 2022 டிசம்பரில் மக்களிடம் சோதனைக்கு விட்ட தன் டிஜிட்டல் ரூபாயையே முன்னிறுத்துகிறது. எனக்கு அதைவிட, 2023 பிப்ரவரியில் யூபிஐயைச் சிங்கப்பூரின் பேநவ் பணப் பரிமாற்ற முறையோடு இணைத்ததே உருப்படியான பதிலாகத் தெரிகிறது. கைபேசி எண்ணைக் கொண்டே நாளுக்கு ஆயிரம் சிங்கப்பூர் டாலர் வரை அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் இப்படி ஒரு வழி திறந்துவிட்டால், கூடுதல் ரூபாய் ஆசை காட்டும் தரகருக்கு வேப்பூரில் பெரிதாக வேலை இருக்காது.