கால்மணி சொல்லும் பாக்கெட் கடிகாரம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இது நாளுக்கு மூன்று நிமிடம் பிந்துகிறது. மழை நாளில் இன்னும் கொஞ்சம் கூடுதல். எங்கள் ஊர் தாப்பாவில் மழை இல்லாத நாள் எது என்று கேட்காதீர்கள். டயலில் கம்பெனி பெயர் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்திலிருந்து பெயர் போடாமல் உலகமெங்கும் ஏற்றுமதியான ரகம், வெள்ளி உறை. இங்கே ஒரு பழைய தோட்டத்துக் குடும்பத்திடமிருந்து வாங்கி, சில வாரங்களாகக் கூடவே வைத்திருக்கிறேன். கல் எத்தனை, துடிப்பு எத்தனை என்ற கணக்கெல்லாம் இந்த ரகத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடுங்கள்.

நான் பேச வேண்டியது உறையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தள்ளியைப் பற்றித்தான். நகத்தால் அதைக் கடைசி வரை தள்ளிவிட்டால் உள்ளே இரண்டு சுத்தியல்கள் விழித்துக்கொள்ளும். கனத்த குரலில் மணிக்கு ஓர் அடி. பிறகு கால்மணிக்கு ஒரு ஜோடி, டிங்-டங். ஐந்தே முக்கால் என்றால் ஐந்து அடி, மூன்று ஜோடி. விளக்கு வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம். தலையணைக்கு அடியில் கையை விட்டால் போதும்.

மின்விளக்கு வராத காலத்தின் கண்டுபிடிப்பு இது. 1687இல் லண்டனில் டேனியல் குவேர், எட்வர்ட் பார்லோ என்ற இருவர் இதற்கு உரிமை கேட்டு மோதிக்கொண்டார்கள். அரசர் இரண்டாம் ஜேம்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டு குவேர் பக்கம் சாய்ந்தார். பார்லோவின் கடிகாரத்தில் மணிக்கு ஒன்று, கால்மணிக்கு ஒன்று என இரண்டு இடத்தில் அழுத்த வேண்டும். குவேருடையதில் ஒன்றே போதும். ஒரு பொத்தானில் முடிகிற வேலைக்கு இரண்டு பொத்தான் வைப்பவர்களிடம் அந்த அரசரை இன்றைக்கும் அனுப்பி வைக்கலாம். மணிக்கட்டில் அதிர்ந்து நேரம் சொல்லும் வசதியை ஆப்பிள் வாட்ச் பெருமையாகக் காட்டுகிறதே, அதன் பாட்டன் இதுதான்.

பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தைச் சுற்றி வளைந்து கிடக்கின்றன இரண்டு எஃகுக் கம்பிகள். ஒரு முனை மட்டும் திருகில் பிடித்திருக்கிறது, மீதி எதையும் தொடாமல் நிற்கிறது. மயிரிழை நகர்ந்து உறையில் பட்டால் நாதம் செத்துவிடும். குட்டி மணியை வைத்து அடித்துக்கொண்டிருந்த இடத்தில் இந்தக் கம்பியைக் கொண்டுவந்தவர் பிரெகே என்ற கடிகாரக்காரர். டயலுக்கு அடியில் நத்தை ஓடு மாதிரி படிப்படியாக அரத்தால் அறுத்த தகடுகள் உண்டு: மணிக்குப் பன்னிரண்டு படி, கால்மணிக்கு நான்கு. தள்ளியை நகர்த்தும்போது ஒரு கை கீழே இறங்கி எந்தப் படியில் தட்டுகிறதோ, அத்தனை அடி. கணக்கு முழுவதும் இரும்பின் வடிவத்திலேயே இருக்கிறது.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த அருமை சட்டென்று புரியும். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டியிருந்தது. துரைக்குச் சட்டைப்பையில் நேரம். மற்றவர்களுக்கு அது மணியோசையாகத்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்று. அதே காலத்துக் கடிகாரம் ஒன்று இந்தப் பக்கத்தில் இருந்திருந்தால் அதன் முட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலாயாவின் நேரத்தை 1933இல் இருபது நிமிடம் முன்னே தள்ளினார்கள், 1941இல் இன்னும் பத்து. 1942இல் ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரம் என்றான், ஒன்றரை மணி போயிற்று. 1945இல் அந்த ஒன்றரை திரும்பி வந்தது. 1982 சனவரி முதல் தேதி இன்னும் அரை மணி முன்னே. அடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பாதே என்பது பழைய கடிகாரக்காரர்களின் கட்டளை. அப்படியானால் 1945இல் ஒன்றரை மணி பின்னே போக, பத்தரை மணி நேரம் முன்னே சுற்ற வேண்டும்!

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது ஒன்றில்தான்: சங்கிலி கோத்த எந்தப் பாக்கெட் கடிகாரத்தையும் ‘அபூர்வம், அண்ணே’ என்று நீட்டுகிற வியாபாரிகள். கால்மணி அடிப்பது அபூர்வம் இல்லை. அந்தக் காலத்தில் நிறையவே செய்தார்கள். நிமிடமும் சேர்த்து அடிப்பது குறைவு; அதில் 12:59க்குத் தள்ளினால் 32 அடி கேட்கும். அதற்கும் மேலே, நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காக பேடெக் பிலிப் செய்து 1933இல் ஒப்படைத்தது. நிரந்தர நாட்காட்டி, நியூயார்க் இரவு வானம் என 24 நுட்பங்கள் அதில். 2014இல் ஜெனிவா ஏலத்தில் அது 2 கோடியே 32 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. அதுதான் அபூர்வம்.

நம் ஊரில் அபூர்வம் கடிகாரமல்ல, அதைத் திறக்கத் தெரிந்த கை. பேட்டரி மாற்றுகிற கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஈப்போவில் ஒரு கடையில் இதை நீட்டினேன். மூடியைத் திறந்த வேகத்தில் மூடி, ‘தா போலே’, முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் பெரியவர். எனக்கு மரியாதைதான் கூடியது. தெரியாமல் கை வைத்துக் கெடுப்பவர்களைவிட இவர் மேல். ஈரக் காற்றில் எஃகுக் கம்பி துருவேறினால் குரல் கம்மிவிடும், அந்தக் கம்பிக்கு மாற்று இங்கே எங்கும் விற்பதில்லை. சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில்தான் பகலில் வைக்கிறேன்.

நேரம் பார்க்க மட்டும் என்றால் வாங்காதீர்கள், கைப்பேசி இருக்கிறது. கேட்க ஆசை என்றால் வாங்கலாம், ஆனால் கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். தள்ளியைப் பாதி மட்டும் நகர்த்தி விடுங்கள். நல்ல வேலைப்பாடு என்றால் வாய் திறக்காது, மட்டமானது தப்பு மணி அடிக்கும். பிறகு முள்ளை 12:45க்கு முன்பக்கமாகவே திருப்பி வைத்து, முழுக்கத் தள்ளி எண்ணுங்கள். பன்னிரண்டு அடி, மூன்று ஜோடி. ஒன்று குறைந்தாலும் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.