கூடி நகுதல்: 'டான் குவிக்ஸாட்' நாவலில் கூட்டு வாசிப்பும் அங்கதமும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பானிய எழுத்தாளர் மிகேல் டி செர்வாண்டிஸ் இயற்றிய 'டான் குவிக்ஸாட்' (முதற்பகுதி 1605, இரண்டாம் பகுதி 1615) உலக அங்கத நாவல்களுள் தலையாயது. நூல்களை வாசித்து அறிவு திரிந்த ஒருவனின் கதையாக அறியப்படும் இந்நாவலுக்குள், பலர் கூடி நூல்களை வாசிப்பதும் கேட்பதும் விவாதிப்பதுமான காட்சிகள் நிறைந்துள்ளன. அவற்றுள் சிலவற்றைக் கொண்டு, கூட்டு வாசிப்பு அங்கதத்தை எங்கே கூர்மையாக்குகிறது, எங்கே கொடுமையாக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அங்கதம், கூட்டு வாசிப்பு, வாசகர் வட்டம், நகை, எள்ளல், செர்வாண்டிஸ்

முன்னுரை

நாவல் தனிமையின் இலக்கிய வடிவம் என்ற கருத்து நம் திறனாய்வில் வேரூன்றியுள்ளது. ஆயினும், தொடக்ககால ஐரோப்பிய நாவல்கள் கண்ணால் வாசிக்கப்பட்ட அளவுக்குக் காதாலும் கேட்கப்பட்டன. 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் உரக்க வாசித்தல் பரவலாக இருந்ததை மார்கித் ஃப்ரெங்க், ரோஜர் ஷார்த்தியே ஆகியோரின் ஆய்வுகள் விளக்கியுள்ளன. இவ்வரலாற்றுச் செய்தியைக் கடந்து, கூட்டு வாசிப்பைத் தன் கதைப்பொருளாகவே ஆக்கிக்கொண்ட நாவல் 'டான் குவிக்ஸாட்'. வாசகர் வட்டங்களும் வகுப்பறைகளும் இந்நாவலை எடுத்துப் பேசும்போது, தம்மைப் போன்ற வட்டங்களை அதனுள்ளேயே காண்கின்றன. அவ்வட்டங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கின்றன, அச்சிரிப்பின் விலையை யார் தருகிறார் என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

தனி வாசகன் என்னும் தோற்றம்

முதல் இயலில் அறிமுகமாகும் லா மாஞ்சா நாட்டுப்புறச் சிறுபிரபு விளைநிலங்களை விற்று வீரசாகசக் கதை நூல்களை வாங்குகிறார். இரவும் பகலும் வாசித்து மூளை உலர்ந்து போகிறார். தனித்த வாசிப்பு கேடு தரும், கூட்டு வாசிப்பு நலம் தரும் என்ற எளிய முடிவுக்கு இக்காட்சி நம்மை இழுக்கும். ஆனால் அதே இயலில் மற்றொரு செய்தியும் உள்ளது. அவருக்கு ஊரில் ஒரு வட்டம் இருந்தது. பங்குப் பாதிரியாருடனும் நாவிதர் நிக்கோலாஸுடனும் அவர் அடிக்கடி வாதிட்டார். இங்கிலாந்தின் பால்மெரினா, கவுலாவின் அமாதிஸா, இருவரில் சிறந்த வீரர் யார் என்பதே வாதம்.

இவ்வாதத்தின் தன்மை கவனத்திற்குரியது. யார் சிறந்தவர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அத்தகைய வீரர்கள் இருந்தார்களா என்ற வினா அங்கு எழவில்லை. விருப்பத்தில் மட்டும் வேறுபட்டு அடிப்படையில் ஒன்றுபட்ட வட்டம் எவரையும் திருத்துவதில்லை. எனவே கூடி வாசித்தல் என்பதே ஒரு காப்பு ஆகாது.

நூல்களை விசாரிக்கும் வட்டம்

ஆறாம் இயலில் அதே பாதிரியாரும் நாவிதரும், மருமகளும் வீட்டுப் பணிப்பெண்ணும் உடனிருக்க, டான் குவிக்ஸாட்டின் நூலறையைச் சோதனையிடுகின்றனர். அமாதிஸும் 'வெள்ளை திராந்தும்' தப்புகின்றன. பல நூல்கள் சாளரத்தின் வழியே முற்றத்தில் வீசப்பட்டு எரிக்கப்படுகின்றன. செர்வாண்டிஸ் தம் சொந்த நூலாகிய 'கலாத்தேயா'வையும் விசாரணைக்கு நிறுத்துகிறார். அதற்குக் காத்திருப்புத் தீர்ப்புக் கிடைக்கிறது. சோர்வு மேலிட்டபின் எஞ்சிய நூல்கள் பிரித்துப் பார்க்கப்படாமலே தண்டிக்கப்படுகின்றன.

இவ்வட்டத்தில் நூலறிவு உண்டு, நயமான சுவையுணர்வும் உண்டு. பாதிரியாரின் மதிப்பீடுகள் பல இன்றும் ஏற்கத்தக்கவை. ஆனால் நூல்களின் உரிமையாளர் அப்பொழுது உறங்கிக்கொண்டிருக்கிறார். யாருக்காக இவ்விசாரணை நடக்கிறதோ அவர் அவையில் இல்லை. திறனாய்வு தணிக்கையாக மாறுவது இவ்விடத்தில்தான்.

சத்திரத்து வட்டம்

முதற்பகுதியின் 32ஆம் இயல் கூட்டு வாசிப்பின் சமூக முகத்தைக் காட்டுகிறது. அறுவடைக் காலத்து விழா நாள்களில் கூலியாள்கள் தம் சத்திரத்தில் கூடுவர் என்றும், எழுத்தறிந்த ஒருவர் நூலைக் கையிலெடுக்க 30 பேருக்கு மேற்பட்டோர் சூழ்ந்திருந்து கேட்பர் என்றும் சத்திரக்காரர் கூறுகிறார். ஒரே கதை ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்கிறது. சத்திரக்காரருக்கு வாள்வீச்சு பிடிக்கும். கணவர் கதையில் மூழ்கியிருக்கும் நேரத்தில்தான் வீட்டில் சண்டை இல்லை என்பது மனைவிக்கு மகிழ்ச்சி. பணிப்பெண் மாரித்தோர்னெஸ் காதற்காட்சிகளை விரும்புகிறாள். மகளோ பிரிந்த வீரர்களின் புலம்பலைக் கேட்டு அழுகிறாள். ஏற்பியல் கோட்பாடு பிற்காலத்தில் விரித்துரைத்த கருத்து இங்கே நான்கு குரல்களில் இயல்பாக அமைந்துள்ளது.

இவ்வட்டத்தின் சிறப்பு அதன் கலப்பில் உள்ளது. அந்நூல்கள் பொய் என்று பாதிரியார் சொல்ல, அரச அவையின் உரிமம் பெற்று அச்சானவை எவ்வாறு பொய்யாகும் என்று சத்திரக்காரர் கேட்கிறார். அறியாமையிலிருந்து பிறந்த வினாவாயினும், அச்சுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை அது தொட்டுவிடுகிறது. இங்கு எள்ளல் கேட்பவர்மீது தொடங்கி உரிமம் வழங்கியவர்மீது சென்று முடிகிறது. வீரசாகசக் கதைகளை நம்பும் சத்திரக்காரர், அவ்வழக்கம் இக்காலத்தில் இல்லையாதலால் தாம் ஒருபோதும் அவ்வாறு புறப்படப் போவதில்லை என்றும் கூறுகிறார். இவ்வுரையாடலின் நடுவே வந்து கேட்ட சாஞ்சோ பான்சாவின் முகம் வாடுகிறது. தம் ஆண்டையின் பயணம் எவ்வாறு முடிகிறது என்று பார்த்து முடிவெடுக்க எண்ணுகிறார். முதல் இயலின் வட்டம் எழுப்பாத வினா, எழுத்தறியாத ஒருவரின் மனத்தில் இங்கு எழுகிறது.

இதன் பின்னரே பாதிரியார் ஒரு கையெழுத்துப் படியிலிருந்து நீண்ட கதையொன்றை உரக்க வாசிக்கிறார். மாடியில் உறக்கத்தில் எழுந்த டான் குவிக்ஸாட் மதுத் தோற்பைகளை அரக்கன் என்று வெட்ட, வாசிப்புத் தடைப்படுகிறது. வாசிக்கப்படும் கதையும் வாழப்படும் கதையும் ஒரே கூரையின்கீழ் மோதிக்கொள்கின்றன.

எள்ளப்படுவோன் வாசகனாதல்

இரண்டாம் பகுதியின் தொடக்க இயல்கள் உலக நாவல் வரலாற்றில் அரிதான ஓர் அமைப்பைக் கொண்டவை. முதற்பகுதி அச்சாகி ஊரெங்கும் வாசிக்கப்படும் செய்தியை சாலமன்கா பல்கலைக்கழகத்துப் பட்டதாரி சான்சோன் கராஸ்கோ கொண்டுவருகிறார். நூலின் நாயகரும் அவருடைய தோழரும் நூலைப் பற்றிய விவாதத்தில் அமர்கின்றனர். இடைக்கதை பொருந்தவில்லை என்ற குறை, சாஞ்சோவின் கழுதை காணாமற்போய் விளக்கமின்றித் திரும்பிய பிழை ஆகியன அலசப்படுகின்றன.

இவ்விவாதத்தின் மையம் அடிகளைப் பற்றியது. டான் குவிக்ஸாட் வாங்கிய எண்ணற்ற அடிகளுள் சிலவற்றை ஆசிரியர் விட்டிருக்கலாம் எனச் சில வாசகர்கள் கருதுவதாகக் கராஸ்கோ கூறுகிறார். நாயகரின் சிறப்பைக் குறைக்கும் செய்திகளைச் சொல்லாதிருப்பதே நேர்மை என்கிறார் டான் குவிக்ஸாட். அங்கேதான் வரலாற்றின் உண்மை இருக்கிறது என்பது சாஞ்சோவின் நிலைப்பாடு. போர்வையில் வைத்துத் தூக்கி எறியப்பட்ட நிகழ்ச்சி நினைவூட்டப்படும்போது, தாம் குட்டிக்கரணம் போட்டது போர்வையிலன்று, காற்றில். அதுவும் விரும்பியதற்கு மேலாகவே என்று மறுமொழி கூறுகிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களாக இளமை, பேதைமை, மடன், எள்ளல் ஆகிய நான்கினைக் காட்டுகிறது. எள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என இருவகைப்படுத்துவது பேராசிரியர் உரை. சாஞ்சோவின் மறுமொழி இரண்டாம் வகையைச் சார்ந்தது. கொண்டதை விடாதிருத்தல் என மடத்தை விளக்கும் உரைமரபு டான் குவிக்ஸாட்டுக்குப் பொருந்துகிறது. இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டால், நாவலின் சிரிப்பு ஒற்றைத் தன்மையது அன்று என்பது புலனாகும்.

அரண்மனை வட்டம்

இரண்டாம் பகுதியின் 30ஆம் இயலில் தோன்றும் கோமகனும் கோமகளும் முதற்பகுதியை ஆர்வத்துடன் வாசித்தவர்கள். விருந்தினரைக் கொண்டு அந்நூலை நிகழ்த்திப் பார்ப்பதே அவர்களுடைய வாசிப்பு முறை. மரக்குதிரைப் பயணமும், துல்சினேயாவின் மாயத்தை நீக்கச் சாஞ்சோ தமக்குத் தாமே 3,300 கசையடி கொடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் அவ்வாறு பிறந்தவை.

33ஆம் இயலில் கோமகள் தோழியர் சூழ அமர்ந்து, அச்சான நூலில் தமக்கு எழுந்த ஐயங்களைச் சாஞ்சோவிடம் கேட்கிறார். ஆண்டை பித்தர் என்று அறிந்தும் பின்தொடர்பவர் அவரினும் பித்தர் அல்லவா என்பது அவர் எழுப்பும் வினா. சாஞ்சோ அதை மறுக்கவில்லை. தாம் அவருடைய ஊர்க்காரர், அவர் சோற்றை உண்டவர், அவரை நேசிப்பவர், சாவன்றி வேறெதுவும் தங்களைப் பிரிக்காது என்கிறார். நாவலின் மிக உயர்ந்த பதில்களுள் ஒன்று இது. ஆயினும் கேட்ட வட்டம் மாறவில்லை, விளையாட்டுகள் தொடர்கின்றன. மறுமொழிக்கு இடம் தருவது மட்டும் போதாது, அம்மறுமொழியால் தன் சிரிப்பு இடறுவதற்கும் வட்டம் இசைய வேண்டும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. ஏமாற்றுவோரும் ஏமாறுவோரைப் போலவே பித்தர் என 70ஆம் இயலில் கதைசொல்லி வழங்கும் தீர்ப்பு, நூலை வாசித்துச் சிரித்த அனைவரையும் தொடுகிறது.

மறுப்பும் விளக்கமும்

செர்வாண்டிஸ் காலத்து வாசகர்கள் இதை வேடிக்கை நூலாகவே கொண்டனர் என்று பி. இ. ரஸ்ஸல் 1969இல் வாதிட்டார். துயர நாயகராக டான் குவிக்ஸாட்டைக் காண்பது பிற்காலப் புனைவியல் நோக்கின் விளைவு என்று அந்தோணி குளோஸ் 1978இல் விரிவாக நிறுவினார். இவ்வாய்வுகளின் எச்சரிக்கை தேவையானது. இரக்கத்தை நூலின்மேல் ஏற்றிவைத்துச் சிரிப்பை மறைத்தல் தகாது. ஆனால் அடிகள் மிகையோ என்ற ஐயத்தை 1615ஆம் ஆண்டின் நூலே வாசகர் குரலாகப் பதிவு செய்துள்ளது. எனவே சிரிப்பும் சங்கடமும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு உரியவை அல்ல; ஒரே அவையில் அருகருகே அமர்ந்திருப்பவை.

முடிவுரை

மேற்கண்ட காட்சிகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, சுவையில் மட்டும் வேறுபடும் வட்டத்தைவிட, அடிப்படை நம்பிக்கைகளில் வேறுபடும் வட்டமே அங்கதத்தின் இலக்கைக் கண்டறிகிறது. இரண்டாவது, எள்ளப்படுவோன் இல்லாத அவையில் திறனாய்வு தீர்ப்பாகச் சுருங்குகிறது. அவன் இருந்தும் செவிசாய்க்கப்படாத அவையில் நகை கொடுமையாகிறது. மூன்றாவது, உரக்க வாசித்தல் வெறும் கற்பித்தல் உத்தி அன்று. எந்த இடத்தில் யார் சிரித்தார், யார் சிரிக்கவில்லை என்பது வாய்விட்டு வாசிக்கும்போதே வெளிப்படுகிறது. விவாதம் தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

அங்கத நாவல் ஒன்றைப் பாடமாக நடத்தும் ஆசிரியரும் வட்டத்தில் எடுத்துரைப்பவரும் ஆசிரியரின் நோக்கம், சமூகப் பின்னணி ஆகியவற்றோடு நின்றுவிடுவது வழக்கம். அத்துடன், கூடியிருப்போர் சிரித்த சிரிப்பையும் ஆய்வுப்பொருளாக்க வேண்டும். இறுதி இயலில் டான் குவிக்ஸாட் தெளிவு பெற்று அலோன்சோ கிஹானோவாக இறக்கிறார். அவரைத் திருத்த முயன்ற அதே வட்டம் படுக்கையைச் சூழ்ந்து நின்று அழுகிறது. மீண்டும் புறப்படலாம் எழுந்திரும் என்று சாஞ்சோ மன்றாடுகிறார். அவ்வழுகையை விளக்காமல் முந்தைய 125 இயல்களின் சிரிப்பை விளக்க இயலாது.