சிந்தாமணியின் கடைசி இலம்பகம்

சீவக சிந்தாமணியைப் படிக்க வேண்டுமென்றால் இன்று கொட்டாரத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. சட்டைப் பையில் கிடக்கிற கைபேசியே போதும். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பல தேசங்களில் உள்ள தமிழர்கள் ஊதியம் வாங்காமல் தட்டெழுதிக் கொடுத்த பழைய நூல்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. அவற்றில் சமணர் செய்த நூல்களும் கணிசமாக உண்டு.

இதைச் சமணர்கள் புதுமையாக எண்ண மாட்டார்கள். உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாஸ்திரத்தையும் ஒரு தானமாக வைத்தவர்கள் அவர்கள். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்ற அம்மாள், பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஓலையில் ஆயிரம் பிரதிகள் எழுதுவித்து வழங்கினாள் என்பார்கள். ஆயிரம் என்பது இன்று கணக்கே அல்ல. ஏடு செல்லரித்துப் போகும் என்ற பயமும் பெருமளவு தீர்ந்தது. இந்தக் காரியத்தைச் செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் என் குறையைச் சொல்ல வேண்டும்.

நூல் கிடைப்பது வேறு, விளங்குவது வேறு. இணையத்தில் தட்டெழுதப்பட்ட பிரதிகளில் பெரும்பாலும் மூலச் செய்யுள் மட்டுமே இருக்கிறது; உரை இல்லை. உரையோடு அச்சான பழைய புத்தகங்கள் படங்களாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? உ. வே. சாமிநாதையருக்கு மூலமும் கிடைத்தது, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது; அப்படியும் சமண மதக் கருத்துக்கள் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் சமணர் வீடு தேடிப் போனார். அங்கே சிந்தாமணியைப் படித்து முடித்ததற்காக வீட்டில் விசேஷம் நடந்துகொண்டிருந்தது. புலவர்கள் மறந்துவிட்ட காவியம் அந்த வீட்டில் பாராயண நூலாக இருந்தது. அவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் 1887இல் அவரால் அதைப் பதிப்பிக்க முடிந்தது. ஏட்டைக் காப்பாற்றியது அலமாரி என்றால், அர்த்தத்தைக் காப்பாற்றியவர்கள் மனிதர்கள்.

இரண்டாவது குறை, துண்டாக்குவது. தேடினால் சொல் அகப்படும், கதை அகப்படாது. சிந்தாமணிக்கு மணநூல் என்று ஒரு பேர் உண்டு. சீவகனின் கல்யாணங்களையும் பெண் வருணனைகளையும் நறுக்கி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்பவர்கள், இது ஏதோ சிருங்கார நூல் என்ற முடிவுக்கு வந்துவிடலாம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை. பதின்மூன்றாவதான முத்தி இலம்பகத்தில், ஆண் குரங்கு தன் பெண் குரங்குக்குப் பலாப்பழம் கொடுக்கிறது. காவல்காரன் வந்து விரட்டிவிட்டு அதைப் பறித்துக்கொள்கிறான். எங்கள் பக்கத்தில் சக்கைப்பழம் என்று சொல்லும் அதே பழம்தான். பார்த்துக்கொண்டிருந்த சீவகனுக்குப் பழத்தை இழந்த குரங்கில் கட்டியங்காரனும், பறித்த காவல்காரனில் தானும் தெரிகிறார்கள். தன் தகப்பனைக் கொன்றவனை வென்று அடைந்த நியாயமான ராஜ்யமே, பிடுங்கித் தின்ற பழமாகிவிடுகிறது. அவன் துறவுக்குப் போகிறான். முந்தின பன்னிரண்டு இலம்பகங்களின் இன்பமெல்லாம் இந்த ஒரு இடத்துக்காகத்தான் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை விட்டுவிட்டால் திருத்தக்கதேவர் இல்லை, சமணமும் இல்லை.

துண்டுகளும் காப்பாற்றுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளையாபதியில் நமக்கு மிஞ்சிய எழுபத்துச் சொச்சம் பாட்டுக்களில் பெரும்பாலானவை, புறத்திரட்டுத் தொகுத்தவர் எடுத்து வைத்ததால் மிஞ்சியவை. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வளையாபதியின் கதை என்ன? அந்தப் பாட்டுக்களை வைத்துக்கொண்டு யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முழு நூலும் கையில் இருக்கும்போதே சிந்தாமணியை நாம் வளையாபதி ஆக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலை. திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குரத்திகள் எனப்பட்ட சமணப் பெண் துறவிகள் கொடை கொடுத்துக் கல்லில் வெட்டி வைத்த இடம். பாறையில் தீர்த்தங்கரர்கள் இன்றும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அது பகவதி கோயிலாயிற்று. நான் அதைக் குறை சொல்லவில்லை. கும்பிடுகிறவர்கள் இருந்ததால்தான் அந்த இடம் பாழாகவில்லை. ஆனாலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அழியாத கல்லும் தான் யார் என்று தானாகச் சொல்வதில்லை. கல்லால் முடியாதது கைபேசியால் முடியுமா?

முடியும், மனிதர்கள் கூட இருந்தால். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். ராஜஸ்தான், குஜராத் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களும் இதில் அடக்கம். வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சமணர்களாகவே இருந்து வருகிறவர்கள் சொற்பம். இந்த நூல்களைத் தம் வீட்டு நூல்களாக அறிந்த முதியவர்கள் அங்கே இருக்கும்போதே, அவர்கள் படிக்கிற குரலையும் சொல்கிற விளக்கத்தையும் பதிவு செய்து மூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பழைய உரைகளையும் தட்டெழுத வேண்டும். பாட்டைத் தட்டெழுதுவதைவிட இது சிரமமான வேலை, பேரும் கிடைக்காது. ஆனால் சாஸ்திர தானம் என்ற சொல்லுக்கு இதுதான் பொருத்தமான வேலை.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை சிந்தாமணிப் பாட்டு ஒன்று உங்கள் கைபேசிக்கு வந்தால், அதை இன்னொருவருக்குத் தள்ளிவிடும் முன் முத்தி இலம்பகத்தை உரையோடு ஒரு முறை படித்துப் பாருங்கள்.