வாய்தா: ஒரு சொல்லின் இடமாற்றம்

வாச்சாத்தி பற்றிப் பேச்சு வந்தால் நாம் உடனே 'தாமதமான நீதி' என்கிறோம். எனக்கு அந்தச் சொல்மீதே சந்தேகம்.

'தாமதம்' வடமொழித் 'தாமஸ'த்திலிருந்து வந்தது. தமோகுணம், அதாவது இருள், மந்தம், சோம்பல் என ஒரு மனிதனுக்குள் இருக்கும் குறையின் பெயர் அது. பிறகு காலத்தின் பெயராயிற்று. 'தாமதப்படுத்தினார்கள்' என்று சொல்ல மொழியில் இடமுண்டு. ஆனால் எழுதும்போது 'தாமதமாகிவிட்டது' என்றே எழுதுகிறோம். செய்தவன் வாக்கியத்தைவிட்டு நழுவிப்போகிறான். அதிகாரத்துக்கு இதைவிட வசதியான இலக்கணம் கிடையாது.

கோர்ட் வாசலில் எங்கள் பக்கத்துச் சனங்கள் இப்படிப் பேசுவதில்லை. 'வாய்தா போட்டுட்டாங்க', 'வக்கீலு வாய்தா வாங்கிட்டாரு' என்பார்கள். போட ஒருவர், வாங்க ஒருவர் வேண்டும். வாய்தா தானாக ஆவதில்லை.

இந்தச் சொல்லின் பயணமும் கவனிக்கத் தக்கது. உருதுவில் அதன் மூலத்துக்கு வாக்குறுதி என்று பொருள். தமிழில் அது குறித்த கெடுவாகி, நிலவரித் தவணையாகி, வழக்கை ஒத்திவைப்பதாகவும் ஆனது. என் தாத்தாவுக்கு வாய்தா என்றால் நிலவரிதான். 'மணியக்காரருகிட்ட வாய்தா கட்டியாச்சா?' என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் குரலில் பயம் இருக்கும்.

அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போன பாராமகாலில்தான் ரீடும் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். அரசு ஒவ்வொரு குடியானவனையும் நேருக்கு நேர் நிறுத்தி வரி கேட்ட மண் இது. அந்த உறவில் வாய்தா தவறினால் குற்றம் குடியானவனுடையது, ஜப்தியும் அவனுக்கே. கோர்ட் வாய்தாவில் உறவு தலைகீழாகிறது. கெடு தவறுவது அரசு, காத்திருப்பது குடியானவன். ஆனால் இங்கே தவறியதற்குத் தண்டனை இல்லை. ஒரே சொல் கீழிருப்பவனுக்குக் கடமையாகவும் மேலிருப்பவனுக்குச் சலுகையாகவும் இயங்குகிறது.

வாச்சாத்தியை இப்படி வாசித்துப் பார்க்கலாம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே சி.பி.ஐ. விசாரணை. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29இல். ஆக, முப்பத்தொரு வருஷம்.

வாய்தா குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். சரிதான். விசாரிக்க, மறுக்க, சாட்சியைக் குறுக்கு விசாரிக்க அவகாசம் வேண்டும். அவகாசமில்லாத நீதி துப்பாக்கி நீதியாகிவிடும். அதனால்தான் மெதுவை நான் குறைசொல்லவில்லை, வேகத்தைக் கொண்டாடவுமில்லை. ஜூன் 20 அன்று அரசிடம் மந்தம் எதுவும் இருக்கவில்லையே! லாரிகள் நேரத்துக்கு வந்தன. ஊரை அழிக்க வாய்தா கேட்கப்படவில்லை. அரசு தாமஸ குணம் கொண்டது என்பது பொய். எங்கே விரைய வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

ஆகவே பிரச்சினை காலத்தின் அளவல்ல, காலம் யார் கையில் என்பதே. அந்தப் பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்றார்கள். வாக்குறுதி என்ற பழைய பொருளில் அந்தச் சொல்லைக் காப்பாற்றியது அவர்கள் மட்டும்தான். அவர்களுடைய முப்பத்தொரு வருஷத்தைத் 'தாமதம்' என்று எழுதுவதை நாமாவது நிறுத்தலாம். சனங்களிடம் வேறு சொல் இருக்கிறது: இழுத்தடிச்சாங்க.