பளபளப்புக்கு முன்னால் 57-ஆம் எண்

பழைய கார் மீட்கப்பட்டது என்று செய்தி வந்தால் நம் ரசிகர்கள் முதலில் பேசுவது விலையை, அடுத்து பெயின்ட்டை. போர்ஷே 901, எண் 57 விஷயத்திலும் அதுவே நடந்தது. 2014-ல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பக்கம் ஒரு பழைய கொட்டகையில் ஒரு தொலைக்காட்சிக் குழுவினர் கண்ட இரண்டு கார்களில் ஒன்று பொன்னிற 911 எல். மற்றது, பெயர் 911 என்று மாறுவதற்கு முன் கட்டிய 82 கார்களில் ஒன்றான இந்தச் சிவப்பு 901. துருப்பிடித்து, முன்பக்க மட்கார்டு இரண்டும் இல்லாமல் கிடந்த காருக்குப் போர்ஷே அருங்காட்சியகம் 1,07,000 யூரோ கொடுத்தது. அந்தத் தொகையில் எனக்கு வியப்பில்லை. வாங்கிய பிறகு மூன்று ஆண்டுகள் அவர்கள் காட்டிய தயக்கத்தில்தான் வியப்பு. மட்கார்டுகளைப் புதிதாக அடித்துப் பொருத்த அவர்களுக்கு ஆளும் உண்டு, கருவியும் உண்டு. அப்படிச் செய்யாமல், அதே காலத்து வேறு வண்டிகளின் அசல் பாகங்களைத் தேடி எடுத்தார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங், உள்ளலங்காரம் எல்லாவற்றிலும் ஒரே கொள்கை: காப்பாற்ற முடிகிற துண்டைத் தூக்கி எறியாதே. உடல் வேலைக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் பிடித்தது. 2017 டிசம்பரில்தான் கார் பார்வைக்கு வந்தது.

இந்தத் தயக்கம் சரி என்பதற்கு என் காரணம் வெறும் பழமைப் பற்று அல்ல. ஒரு மாடலின் ஆரம்ப வண்டி என்பது தொழிற்சாலை இன்னும் முடிவெடுக்காத நாட்களின் சாட்சி. சோலெக்ஸ் கார்புரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப 911-களில் அது நடுத்தர வேகச் சுழற்சியில் ஒரு கணம் திணறும். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் போர்ஷே 1966-ல் வெபருக்கு மாறியது. 2,211 மில்லிமீட்டர் வீல்பேஸால் பின்பக்கம் வழுக்க, அதை அடக்க முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா 11 கிலோ வார்ப்பிரும்பை ஒளித்து வைத்த காலமும் உண்டு. 1969 மாடலில் வீல்பேஸையே 2,268 ஆக்கினார்கள். அந்தப் பம்பர் எடைகளை நான் எந்த அழகான வளைவைவிடவும் அதிகம் மதிக்கிறேன். தன் பிழையை ஒப்புக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்து, நிரந்தரத் தீர்வுக்குக் காத்திருந்த பொறியாளர்கள் அந்த இரும்பில்தான் தெரிகிறார்கள். ஆரம்ப வண்டியில் வெபரை மாட்டி, எடைகளைக் கழற்றி, ‘இப்போது நன்றாக ஓடுகிறது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஓட்டுவது 1960-களின் நடுப்பகுதிக் கார் அல்ல; அதன் உருவத்தில் உள்ள பிற்காலக் கார்.

கார் ஓடுவதற்குத்தானே, அருங்காட்சியகப் பொருளாக்கி என்ன பயன் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்குப் பதில் ஜவ்வாது மலையிலேயே நிற்கிறது. காவலூரில் 1972 முதல் இயங்கும் கார்ல் ஜெய்ஸ் ஒரு மீட்டர் தொலைநோக்கி வேலை செய்யும் இயந்திரம்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்களை வெளிப்படுத்திய பதிவுகளில் ஒன்று அதில் எடுத்ததுதான். ஒளிப்படத் தகடுகளின் காலம் போய் சிசிடி வந்தபோது அதன் முனையில் பொருத்தும் கருவிகள் மாறின. அதற்காகத் தொலைநோக்கியை யாரும் வெட்டி ஒட்டவில்லை. மாற்றம் தவறில்லை, திரும்பக் கழற்ற முடியாத மாற்றம்தான் தவறு. வெபரை மாட்டி ஓட்டுங்கள், சோலெக்ஸை எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். பழங்கால வாகனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2013-ல் ஏற்ற டுரின் சாசனமும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

இன்னொரு எதிர்வாதம் கூர்மையானது: எதுவுமே மிஞ்சாவிட்டால்? 1929-லும் 1930-லும் லே மான் போட்டியை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லியில் பிற்காலத்தில் பெரும்பாலான பாகங்கள் மாறிப்போயிருந்தன. இருந்தும் 1990-ல் லண்டன் உயர்நீதிமன்ற நீதிபதி ஓட்டன், அது அதே கார்தான் என்றார். தொடர்ந்து ஓடி, படிப்படியாக மாறி, இடையில் இன்னொரு காராக ஆகாமல் வந்ததே காரணம். இதைச் சாக்காக வைத்து எதையும் மாற்றலாம் என்பவர்கள் தீர்ப்பின் பாதியைத்தான் படிக்கிறார்கள். அந்தப் பென்ட்லி ஓட்டத்தில் மாறியது, அதன் ஒவ்வொரு மாற்றமும் வரலாறு. ஒரே பட்டறையில் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் அது வரலாறு அல்ல, பில்.

நம் ஊர் நிலை இன்னும் கவலைக்குரியது. கையால் தகடு அடித்து வளைவை மீட்கும் டிங்கரிங் கை சென்னையிலும் கோவையிலும் ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது. இன்று அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுக்க ஆள் குறைந்து, பட்டி அப்பி பாலிஷ் போடுவதே வேலையாகிவிட்டது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி எழுந்தது; அந்த ஹெரால்டு சென்னையில் தயாரானது. அந்த வம்சத்தின் மேல் நமக்கு இருக்கும் உரிமைக்கு ஏற்ற அக்கறை எங்கே? எஞ்சினை மாற்றி, ஏசி வைத்து, தொழிற்சாலை கண்டிராத நிறத்தைப் பூசி, ராலியில் கைதட்டல் வாங்குகிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி, 50 ஆண்டு கடந்தும் சேஸிஸ், உடல், எஞ்சினில் பெரிய மாற்றமில்லாத வண்டிக்குத்தான் ‘விஏ’ எண் தருகிறது. விதி சரியான இடத்தில் கோடு போட்டிருக்கிறது. ஆனால் ரசனைக்குக் கோடு போட அரசாங்கத்தால் முடியாது. பரிசு கொடுக்கும் நடுவர்கள் பெயின்ட்டின் ஆழத்தை அளப்பதை நிறுத்தி, எந்த பாகம் எந்த ஆண்டுடையது, எது ஏன் மாற்றப்பட்டது என்ற பட்டியலைக் கேட்கத் தொடங்கட்டும். பட்டியல் தர முடியாத காருக்குப் பரிசு இல்லை என்று ஒரு ஆண்டு அறிவித்தால் போதும், பட்டறைகள் தாமாகவே பழைய பாகங்களைக் குப்பையில் போடாமல் வைக்கக் கற்றுக்கொள்ளும்.